ரெண்டு பக்கமும் ஞானையன்

பாறசாலை பஸ் ஸ்டாண்டில் ஞானையன் சாயா குடிக்க நின்றால் போதும், யாராவது ஒருத்தன் பின்னாலிருந்து கூப்பிடுவான்: "மாமா, ரெண்டு பக்கமும் உண்டா?" கூப்பிடுகிறவன் கல்ஃபிலிருந்து லீவுக்கு வந்தவனாக இருப்பான். கையில் மஞ்சள் வாட்ச் மின்னும், சட்டையில் அத்தர் மணக்கும். பக்கத்தில் நிற்கிறவனும் கெக்கெக்கே என்று சிரிப்பான். ஞானையன் திரும்பிப் பார்ப்பதில்லை. கிளாஸில் மிச்சம் கிடக்கிற சாயாவை ரோட்டில் வீசிவிட்டு நடப்பான். இந்த ஒரு வாக்குக்காக அவன் வீசிய சாயாவைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு சாயாக்கடையே நடத்தியிருக்கலாம்.

கோபம் அந்தப் பிள்ளைகள்மேல் இல்லை. சுகிர்தபாய் டீச்சர்மேல். பத்தாம் கிளாஸ் கணக்கில் தோற்றுப்போய், டீச்சரிடம் வந்து உட்கார்ந்து படித்து, பிறகு பாஸான பிள்ளைகள் பொழியூர் கடற்கரையிலிருந்து கோட்டுகால் வரைக்கும் உண்டு. அத்தனை பேருக்கும் ஞானையன் என்பது ஒரு ஆளின் பெயர் அல்ல. கணக்கில் குறைந்து கிடக்கிற ஒரு மூலையின் பெயர். "ரெண்டு பக்கமும் ஞானையனைக் கூட்டுலே" என்று டீச்சர் சொல்வார். பிள்ளைகள் கூட்டுவார்கள். பரீட்சை எழுதுவார்கள், பாஸ்போர்ட் எடுப்பார்கள், விமானம் ஏறுவார்கள். ஏறும்போது அவன் பெயரையும் கொண்டுபோவார்கள். அஞ்சாம் கிளாஸோடு படிப்பை விட்டு, கருங்கல் அடுக்கிக் கய்யாலை என்கிற எல்லைச்சுவர் கட்டிப் பிழைக்கிற ஒரு மனிதனின் பெயரைத் துபாய்வரைக்கும் நாறடித்துவிட்டாரே இந்தப் பொம்பளை என்று ஞானையன் உள்ளுக்குள் குமைந்துகொண்டிருந்தான்.

டீச்சரைப் பார்த்தால் யாருக்கும் பயம் வராது. மெலிந்த தேகம். நீலக் கரை போட்ட வெள்ளைச் சேலை, கக்கத்தில் குடை, மழை வந்தாலும் விரிக்காத குடை. கண்ணாடியின் ஒரு கால் ஒடிந்துபோனபோது அந்தப் பக்கம் நூல் கட்டினார். அதோடு விடவில்லை. நன்றாக இருந்த மற்றக் காலையும் கழற்றிவிட்டு அங்கேயும் நூல் கட்டினார். கேட்டால், "ஒரு பக்கம் கால், ஒரு பக்கம் நூலுன்னா மூக்குமேல சரிஞ்சு நிக்கும். சமமாக்கும் சமம்!" என்பார். அந்த "சமமாக்கும் சமம்" அவருடைய வாயில் இருமலைப் போல வந்துகொண்டே இருக்கும். பெஞ்சின் ஒரு ஓரத்தில் ஒருத்தன் உட்கார்ந்தால் மறு ஓரத்தில் இன்னொருத்தனை உட்கார வைக்காமல் பாடம் தொடங்காது. வேதக்கோயிலில் ஞாயிற்றுக்கிழமை ஆண்கள் பக்கம் ஆள் குறைந்தால், பாட்டு நடுவிலேயே தலையைத் திருப்பி எண்ணுவார்.

ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று யாரோ ஒரு முறை கேட்டுவிட்டார்கள். டீச்சர் பால் விடாத கட்டஞ்சாயாவை ஊதிக்கொண்டே சொன்னார்: "எனக்க கணக்குக்கும் விடை ரெண்டு வந்துது. ஒண்ணு மைனஸ். மற்றதை வேற ஒருத்தி கொண்டு போயிற்றா."

பாடம் நடக்கிற ஓலைச் சாய்ப்பில் ஒரு கரும்பலகை உண்டு. டீச்சர் அதை அவ்வளவாகத் தொடுவதில்லை. செம்மண் முற்றத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து, ஒரு மூங்கில் கம்பால் கோடு கீறுவார். சாதாரணக் கம்பு அல்ல அது. ஒரு கம்பு நீளம், ஒரு கம்பு அகலம், அது ஒரு கட்டம். தன்னுடைய பத்து சென்டு பூமி சரியாக நாற்பது கட்டமாக வரும்படி கணக்குப் பார்த்து அந்தக் கம்பை அவரே வெட்டி வைத்திருந்தார். பிள்ளைகளுக்குச் சின்னதாகப் படம் போடும்போது அதே கம்பின் நுனியால் கீறுவார். தப்புச் செய்தால் அதே நுனி முழங்காலில் வந்து தட்டும். "எலே, இந்தப் பக்கம் கூட்டிட்டு அந்தப் பக்கம் சும்மா விட்டியே, நீ கல்ஃபில போயி ஒட்டகத்துக்கு ஒரு பக்கம் மட்டும் சாக்கு ஏத்துவியாலே? அது மறிஞ்சு விழும், நீ அடியில கெடப்பே."

அந்தப் பத்து சென்டு வந்த கதையை ஊரில் எல்லோரும் அறிவார்கள். டீச்சரின் அப்பன் நிலக்காரி பங்கஜாட்சியம்மையின் தென்னை விளையில் தேங்காய் சுமந்தவர். அந்த விளையிலேயே ஒரு குடிசை, அதைச் சுற்றிச் சதுரமாக ஒரு முற்றம். அடுத்தவர் பூமியில் குடிசை போட்டிருக்கிற குடிகிடப்புக்காரனுக்குப் பத்து சென்டு உரிமை என்று சட்டம் வந்தபோது அளக்க ஆட்கள் வந்தார்கள். வீட்டு மனை போதவில்லை, இன்னும் ஒரு துண்டு சேர்த்தாக வேண்டும். கிழக்கே மொத்தமாகச் சேர்த்தால் அம்மையின் கிணறு போய்விடும். அதனால் துண்டை இரண்டாகப் பிரித்துப் பாதியை மேற்கே சேர்த்தார்கள், பாதியைத் தெற்கே சேர்த்தார்கள். இரண்டு துண்டுக்கும் நடுவில், தென்மேற்கே, கன்னிமூலையில் பங்கஜாட்சியம்மையின் குடும்பத்துப் பாம்புக் காவு நின்றது. பெரிய காவு அல்ல. ஒரு இலஞ்சி மரம், நாலைந்து கொடி, மஞ்சள் பூசின நாகக் கல்லு மூன்று. "பூமி எடுத்தோ. காவு தொடண்டா," என்று அம்மை சொன்னார். யாரும் தொடவில்லை.

எல்லைக்குக் கய்யாலை கட்ட வந்தவன் ஞானையன். நல்ல வயதில் கட்டிய நல்ல கய்யாலை. ஒரு கல் இன்றுவரை அசையவில்லை. ஆனால் காவுப் பக்கம் வந்ததும் கய்யாலை உள்ளே மடங்கி, மறுபடி வெளியே மடங்கிப் போயிற்று. கடித்து எடுத்த அப்பம்போல. டீச்சர் அந்த மடக்கில் வந்து நின்று, நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஞானையண்ணா, ஒங்க கய்யாலைக்கு ஒரு மூலை இல்ல பாத்தியளா?" என்றார். அடுத்த வாரமே அது பாடத்துக்குள் ஏறிவிட்டது.

காலம் போயிற்று. பங்கஜாட்சியம்மையின் மகன் சதாசிவன் திருவனந்தபுரத்தில் உத்தியோகம் பார்க்கிறவன். அம்மை குடியிருக்கிற வீட்டையும் முற்றத்தையும் நிறுத்திவிட்டு மீதி விளை எல்லாவற்றையும் விற்றான். வாங்கினவன் மோகனன். மூன்று தடவை கணக்கில் தோற்று, டீச்சரிடம் முழங்கால் வீங்கப் படித்து, நாலாவது தடவை பாஸாகி, குவைத்தில் ஸ்டோர்கீப்பர் ஆனவன். வாங்கின விளையில் காவும் சேர்ந்திருந்தது. மோகனன் ஒரு சாயங்காலம் ஆப்பிளும் தாங் ஜூஸ்பொடி டப்பாவும் கொண்டுவந்து டீச்சரின் திண்ணையில் வைத்துச் சொன்னான்:

"டீச்சரே, அந்த மூலைய நான் ஒங்களுக்கு எழுதித் தாறேன். சும்மா. நீங்க படிப்பிச்சதுக்கு."

டீச்சர் திரும்பி மூலையைப் பார்த்தார். ஞானையன் அப்போது சாய்ப்புக்குக் கால் நட வந்திருந்தான். கேட்டதும் கடப்பாரையைக் கீழே வைத்தான். அந்த மடக்கைப் பிரித்து, மேற்குக் கய்யாலையை நேரே தெற்கே இழுத்து, தெற்குக் கய்யாலையை நேரே மேற்கே இழுத்து, இரண்டையும் ஒரு கல்லில் முட்டவிட்டால் தீர்ந்தது. அப்புறம் எவன் கேட்பான் ரெண்டு பக்கமும் உண்டா என்று? டீச்சரின் வாயிலிருந்து ஒரு "சரி" வரவேண்டும், அவ்வளவுதான். அந்தச் "சரி"க்கு அவன் காத்திருக்கவில்லை. மறுநாளே மோகனனிடம் சொல்லி ஒரு லோடு கல்லை மூலைக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டான்.

அன்று ஆயில்யம், நாகத்துக்கு விளக்கு வைக்கிற நாள். பங்கஜாட்சியம்மை மாதந்தோறும் செய்வதுபோல் ஒரு கையில் எண்ணெய்க் கிண்ணியும் ஒரு கையில் ஊன்றுகோலுமாக, ரோட்டைச் சுற்றிக்கொண்டு காவுக்கு வந்தார். கல் குவியலைப் பார்த்து நின்றார்.

"எந்தா ஞானையா, கல்லு?"

"மூலைய அடைக்கியதுக்காக்கும் அம்மே. டீச்சருக்கு."

அம்மை சண்டைக்கு வரவில்லை. விளக்கைக் கொளுத்தினார். காற்று அணைத்தது. மறுபடியும் கொளுத்தினார். சேலைத் தலைப்பால் மறைத்துப் பிடித்துக்கொண்டு, அவனைப் பார்க்காமலே கேட்டார்: "நாகங்கள் எவிடெ போகும்?"

ஞானையன் வேதக்காரன், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவன். நாகம் எங்கே போனால் அவனுக்கு என்ன? ஆனாலும் கல் குவியலிலிருந்து இரண்டடி விலகி நின்றான். மடக்குக்கு இந்தப் பக்கம் டீச்சர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் மோகனன் வருவதாகச் சொல்லியிருந்தான். ஞானையன் முந்தியே வந்து கல் குவியலின்மேல் உட்கார்ந்தான். முற்றத்தில் பாடம் நடந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் டீச்சர் பாடம் எடுப்பதை அவன் ஒரு தடவைகூட நின்று பார்த்ததில்லை. பாடம் தொடங்கினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான். இன்றைக்குப் போக வழியில்லை.

டீச்சர் கம்பால் ஒரு சதுரம் கீறினார்.

"எலே ராஜா, இது ஒரு மனை. சதுரம். பக்கம் எத்தனை கம்பு?"

ராஜன் பொழியூர்ப் பையன், வள்ளத்துக்குப் போகிற தோள். "தெரியாது டீச்சரே."

"தெரியாததுக்குப் பேரு?"

"எக்ஸ்."

"இதுக்க கூட, மனைக்க அதே நீளத்துல, ஆறு கம்பு அகலத்துல ஒரு துண்டும் சேந்து கெடக்கு. மனையும் துண்டும் எல்லாம் கூட்டி நாப்பது கட்டம். இப்போ மனைக்க பக்கம் சொல்லு பாப்போம்."

ராஜன் மேலே பார்த்தான்.

"ஆகாசத்துல என்னலே? விடைய அங்கயா ஒணங்கப் போட்டிருக்கு? கீழ பாரு. ஆறையும் ஒரு பக்கத்துல வச்சா நீண்டு போவும், ஒரு வடிவும் கிட்டாது. பாதியா முறி. மூணு இங்க. மூணு இங்க." ஒரு துண்டை மேற்கே கீறினார், ஒரு துண்டைத் தெற்கே கீறினார். "இப்போ எல்லாம் சேந்து ஒரு பெரிய சதுரம் ஆவப்போவுது. ஆனா ஒண்ணு கொறையுது. என்ன கொறையுது?"

"மூலை!"

"மூலைக்குப் பேரு?"

"ஞானையன்!" என்று எல்லோரும் ஒன்றாகக் கத்தினார்கள். கத்தின பிறகுதான் கல் குவியலின்மேல் இருக்கிற ஆளைக் கண்டார்கள். ஒருத்தன் சிரிப்பை அடக்கமுடியாமல் குனிந்துகொண்டான்.

ஞானையன் எழுந்தான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "டீச்சரே, இது கொஞ்சம் கூடுதலாக்கும் கேட்டியளா. கொறைஞ்சு கெடக்கியதுக்கெல்லாம் எனக்க பேரா?"

டீச்சர் சிரிக்கவில்லை. "அண்ணா, இஞ்ச வாங்க. ஒங்க வாயால சொல்லுங்க. இந்த மூலைய நிரப்ப எத்தனை கட்டம் வேணும்?"

"மனை எவ்வளவுன்னு தெரியாம எப்பிடி சொல்லியது? பெரிய மனைன்னா பெரிய மூலை வேணும். சிறிசுன்னா…"

சொல்லிக்கொண்டே வந்தவன் கோட்டைப் பார்த்தான். நின்றுவிட்டான். எத்தனை மூலை கட்டிய கை. இரண்டு கய்யாலை வந்து முட்டும் இடத்தை அவன் கை அறியும். மேற்கே வருகிற துண்டின் அகலம் மூன்று. தெற்கே வருகிற துண்டின் அகலம் மூன்று. அவை இரண்டும்தான் மூலையைத் தொடுகின்றன. மனை மூலையைத் தொடுவது ஒரு முனையில் மட்டும். மனை பெருத்தால் துண்டுகள் நீளும். மூலை நீளாது. மனை சிறுத்தால் துண்டுகள் குறுகும். மூலை குறுகாது.

"மூணுக்கு மூணு," என்றான். குரல் தாழ்ந்துபோயிருந்தது. "ஒம்பது."

"மனை ஒரு தாலூக்கு அளவு இருந்தா?"

"ஒம்பது."

"ஒரு தீப்பெட்டி அளவு இருந்தா?"

"அப்பவும் ஒம்பது."

ஞானையனுக்குக் கை மயிர் எழும்பி நின்றது. தெரியாத ஒன்று நடுவில் கிடக்கிறது. அது எவ்வளவு என்று ஒருத்தனுக்கும் தெரியாது. ஆனால் அதற்கு எவ்வளவு குறைகிறது என்பது தெரியும். தெரியாததை அறிவதற்கு முன்னாலேயே அதன் குறையைத் தீர்த்துவிடலாம். இப்படி ஒரு காரியம் உலகத்தில் உண்டு என்று இத்தனை வயதுவரைக்கும் அவனிடம் யாரும் சொல்லவில்லை. வேதபுத்தகத்தில் செங்கடல் பிளந்ததைக் கேட்டபோதுகூட அவனுக்கு இப்படி இருந்ததில்லை.

"இனி நீ சொல்லுலே ராஜா."

"இந்தப் பக்கம் ஒம்பது கூட்டினா அந்தப் பக்கமும் ஒம்பது கூட்டணும். நாப்பதும் ஒம்பதும் நாப்பத்தொம்பது. பெரிய சதுரத்துக்க பக்கம் ஏழு. அதுல துண்டு மூணு போனா… மனை நாலு கம்பு!"

"மைனஸ் ஏழும் உண்டும்லே. அதுல மூணு போனா மைனஸ் பத்து. ஆனா மைனஸ் பத்துக் கம்புல எவனும் வீடு கெட்டமாட்டான், விட்டுரு." டீச்சர் கம்பை ஞானையனிடம் நீட்டினார். "அண்ணா, எனக்க வீட்டு மனைய ஒண்ணு அளந்து பாருங்க."

ஞானையன் கம்பை வாங்கி, வீட்டு முற்றத்தின் ஓரத்தில் படுக்கவைத்துப் படுக்கவைத்துப் போனான். நாலாவது கம்பின் நுனி முற்றத்தின் விளிம்பில் சரியாக வந்து நின்றது. மயிரிழை கூடவில்லை, குறையவில்லை. அவன் நிமிராமல் அங்கேயே குந்தியிருந்தான்.

"காலேஜில நான் இதை உருப்போட்டுப் பாஸானவளாக்கும்," என்று டீச்சர் அவன் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "பாதிய எடு, வர்க்கமாக்கு, ரெண்டு பக்கமும் கூட்டுன்னு. ஏன்னு எனக்கே தெரியாது. ஒங்க கய்யாலை அந்த மடக்கு மடங்கி நிக்கியதைக் கண்டபொழுதுதான் மனசிலாச்சு. இந்தக் கணக்குல எல்லாத்துக்கும் ஒரு பேரு உண்டு. வந்து நின்னு கணக்கையே தூக்கி நிறுத்தியதுக்கு மட்டும் பேரில்ல. அதுதான் வச்சேன். கேலியாட்டா எடுத்திய?"

ஞானையன் கம்பைக் கீழே வைத்தான். துண்டால் முகத்தைத் துடைத்தான். வேர்வைதான்.

அப்போது மோகனனின் கார் வந்து நின்றது. இறங்கும்போதே அவசரம். "ஞானையன் மாமா, தொடங்கலாமில்லியா? காவ முறிக்கியதுக்கு ஆள் வேணும். ஆனா எனக்க ஆளு வேண்டாம், நம்ம வேதக்காரப் பயலுவ யாராவது முறிச்சா நல்லது."

"அதென்ன மக்கா, வேதக்காரன்?" என்று டீச்சர் கேட்டார்.

மோகனன் நெளிந்தான். "அல்ல டீச்சரே… நாகதோஷம்னு ஒண்ணு உண்டில்லியா. எனக்கு வேற ரெண்டு சின்னப் பிள்ளைய. நீங்க எடுத்தா ஒங்களைப் பிடிக்காது. நீங்க கோயிலுக்குப் போறவிய."

"ஓ. அப்போ நீ தாறது மூலையல்ல. ஒனக்க பயமாக்கும்."

பிள்ளைகள் சிரித்தார்கள். மோகனனும் அசட்டுத்தனமாகச் சிரித்தான். டீச்சர் சிரிக்காமல் வடகிழக்கே, பங்கஜாட்சியம்மையின் ஓட்டுவீட்டைப் பார்த்தார்.

"மூலைய நான் எடுப்பேன் மோகனா. ஆசை இல்லாம இல்ல. எனக்க அப்பன் செத்ததும் அந்த மடக்கைப் பாத்துக்கிட்டுதான். ஆனா இந்தப் பக்கம் மூணுக்கு மூணு கூட்டினா அந்தப் பக்கமும் மூணுக்கு மூணு கூட்டணும். அம்மைக்க வீட்டுக் கன்னிமூலையில, முற்றத்தோடு சேத்து. அம்மைக்க பேருல எழுது. பூசாரிய வரவச்சு நாகக் கல்ல முறைப்படி அங்க கொண்டுபோய் வை. அவிய இனி ரோடு சுற்றி வரவேண்டாம்."

"டீச்சரே! அது ரோட்டுக்குப் போற நல்ல பூமியில்லியா? அம்மைக்கு நான் ஏன் குடுக்கணும்? சதாசிவன் சாரு முழுப் பணமும் வாங்கியிற்றார்."

"அப்பம் எனக்கும் வேண்டாம்."

ஞானையன் முன்னால் வந்தான். கையில் வந்த மூலை இதோ போகிறது. "டீச்சரே, ஒருக்கா யோசிச்சு…" என்று தொடங்கினான். பிறகு முற்றத்துக் கோட்டைப் பார்த்தான். பழையபடி பின்னால் போய் நின்றான்.

"எத்தனை தடவை தோத்தே மோகனா?" என்று டீச்சர் கேட்டார்.

"மூணு."

"எதனால?"

மோகனன் செருப்பு நுனியால் மண்ணைக் கிளறினான். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் அவனையே பார்த்தார்கள். அத்தர் மணமும் வாட்சும் கொஞ்ச நேரத்துக்கு எங்கேயோ போய், பழைய தோற்ற பிள்ளையாக நின்றான்.

"ஒரு பக்கம் மட்டும் கூட்டினதுனால."

"ஒரு பக்கம் மட்டும் கூட்டியது கணக்கல்ல. களவாக்கும். அம்மைக்கிட்ட இருந்து எனக்குப் பத்து சென்டு வந்தது சட்டம். அது எனக்க அப்பனுக்க வேர்வை, அதுக்கு நான் யாருக்க முன்னாலயும் தலை குனியமாட்டேன். இது அப்பிடியல்ல. இது தந்தா ரெண்டு பேருக்கும் தா. இல்லேன்னா ஒனக்க மூலையும் ஒனக்க பாம்பும் ஒன்கிட்டயே இருக்கட்டும்."

மோகனன் காரைப் பார்த்தான், இலஞ்சி மரத்தைப் பார்த்தான். பிறகு சத்தம்போட்டுச் சிரித்துவிட்டான். "குவைத்துல அறபிக்கிட்டகூட நான் இப்பிடி மாட்டினதில்ல டீச்சரே. சரி. ரெண்டு பக்கமும் எழுதியாச்சுன்னு வச்சுக்கிடுங்க."

ஞானையன் கய்யாலைக்கு இழுக்கிற நூலைச் சுருட்டித் தோளில் போட்டு, காவு மூலைக்கு நடந்தான். முளை அடிக்கக் குனிந்தபோது டீச்சர் பின்னாலேயே வந்து முளையை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"இங்க அல்ல அண்ணா. கல்லையெல்லாம் அங்க கொண்டு போங்க. அம்மைக்க பக்கம் மொதல்ல கெட்டுங்க, எனக்கது பொறவு போதும்." நாலடி போனவர் நின்று, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பின்ன ஒண்ணு. அந்தக் கய்யாலைக்க உள்பக்கம் விளக்கு வைக்கியதுக்கு ஒரு மாடம் விடணும். அவியளுக்குக் குனிய வய்யாது. கை எட்டுத பொக்கத்துல, காத்து பிடிக்காத பக்கமாப் பாத்து விடுங்க."